அண்ணாச்சி எடுத்த சுருதி

எங்கள் ஞாயிறு மாலை ஜெபக்கூட்டத்தில் பாட்டு எடுத்துக் கொடுப்பது என் மனைவியின் வேலை. யாரும் அவளை நியமிக்கவில்லை. ஆர்மோனியம் இல்லாத கூட்டத்தில் ஒருவர் முதல் வரியைப் பாடியாக வேண்டும். அவர் எந்த உயரத்தில் தொடங்குகிறாரோ, அந்த உயரத்தில்தான் மற்றவர்கள் கடைசிச் சரணம்வரை அல்லாட வேண்டும். அவள் எடுத்தால், வாரம் முழுவதும் பனியன் கம்பெனியில் நின்று களைத்தவர்கள்கூட மூச்சு வாங்காமல் பாடி முடிப்பார்கள்.

அவளுடைய தம்பி எங்களோடு தங்கி, பனியன் ஓரம் தைக்கும் பிளாட்லாக் மெஷினில் டெய்லராக இருந்தான். கூட்டத்தில் அவன் பிளாஸ்டிக் நாற்காலியின் கையில் தாளம் தட்டுவான். அக்காள் பாட, தம்பி தட்ட, எங்கள் மாடி வீட்டு முன்னறையில் தென்மாவட்டங்களிலிருந்து பிழைக்க வந்த பத்துப் பதினைந்து பேர் நெருக்கியடித்து உட்கார்ந்து பாடுவோம்.

ஏற்றுமதிக் கம்பெனியில் சரக்கு அனுப்பும் தேதிகளைக் கவனிப்பது என் உத்தியோகம். அந்தப் பழக்கத்தில் வீட்டு நிகழ்ச்சிகளையும் சபை நாட்காட்டியோடு பொருத்தித்தான் நினைவில் வைப்பேன். புத்தாண்டு ஆராதனை முடிந்த சில நாட்களில் தம்பிக்குக் காய்ச்சல் வந்தது. மூளைக்கு ஏறிவிட்டது என்றார் டாக்டர். அவள் ஆஸ்பத்திரியில் அவன் காதருகே குனிந்து பாடிக்கொண்டே இருந்தாள். தனக்கும் கேட்கிற மாதிரி கொஞ்சம் சத்தமாகப் பாடச் சொல்லி எதிர்க்கட்டில் பெரியவர் கேட்டுக்கொண்டார். சபையார் முறை வைத்து இடைவிடாமல் ஜெபித்தார்கள். ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களான லெந்து காலம் தொடங்குவதற்கு முன்பே அவன் போய்விட்டான்.

அதன்பின் கூடிய முதல் ஜெபக்கூட்டத்தில் எல்லாரும் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார்கள். அவள் தரையைப் பார்த்தாள். அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் கட்டிங் மாஸ்டர் பாட்டைத் தொடங்கினார். அவரும் எங்கள் ஊர்ப் பக்கத்து மனிதர்தான், எல்லாருக்கும் அண்ணாச்சி. துணியை நூலளவு பிசகாமல் வெட்டுவார். பாட்டை மட்டும் எங்கே தொடங்குவது என்று அவருக்குத் தெரியாது. பல்லவியிலேயே கூரைக்குப் போய்விட்டார். அனுபல்லவிக்கு நாங்கள் கழுத்தை நீட்டினோம். சரணத்தில் பெண்கள் விலகிக்கொண்டார்கள். ஆண்களில் பாதிப் பேர் வாயை மட்டும் அசைத்தோம். அவர் ஒருவர் மட்டும் நரம்பு புடைக்கக் கடைசிவரை போய்ச் சேர்ந்தார்.

அன்று பாத்திரம் கழுவும்போது, ஏன் பாடவில்லை என்று அவளிடம் கேட்டேன்.

"பாடுனா பொய் சொல்லுத மாதிரி இருக்கு" என்றாள். "ஆண்டவர்கிட்ட நான் பொய் சொல்ல மாட்டேன்."

அவளுடைய நம்பிக்கை போய்விட்டதோ என்று எனக்குப் பயம். அதே சமயம், பொய் சொல்ல மாட்டேன் என்று ஒருவரைப் பற்றிச் சொல்வதானால் அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்றுதானே அர்த்தம் என்றும் பட்டது. அந்த நூலைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். துக்கத்தைப் பற்றிப் புத்தகங்களில் எவ்வளவோ படித்திருக்கிறேன். சுருதியைப் பற்றி ஒன்றிலும் ஒரு வரி இல்லை.

அவள் கூட்டத்துக்கு வராமல் இருந்ததில்லை. பாய் விரிப்பாள், டீ போடுவாள், மற்றவர்கள் ஜெபிக்கும்போது கண்ணை மூடியிருப்பாள். லெந்து நாட்களின் சோகப் பாட்டுகளாவது அவளைத் தொடும் என்று நினைத்தேன். இல்லை. ஈஸ்டர் அதிகாலை ஆராதனையில் நிச்சயம் பாடிவிடுவாள் என்று பக்கத்திலேயே நின்றேன். ஊரே பாடியது, அவள் மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெந்தெகொஸ்தே ஞாயிறும் போயிற்று. நான் குறித்துவைத்த பெரிய நாள் ஒன்றையும் கடவுள் பயன்படுத்திக்கொள்ளவில்லை.

அண்ணாச்சி மட்டும் வாரம் தவறாமல் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். மிளகும் கருப்பட்டியும் போட்டுக் காய்ச்சிய தண்ணீரைச் சிறிய பிளாஸ்கில் கொண்டுவர ஆரம்பித்தார். ஒருநாள், மேலே போனது போதும் என்று அவரே தீர்மானித்து, மிகவும் கீழே எடுத்தார். சரணம் பாதாளத்துக்குப் போய், பம்புசெட்டு இருமுகிற மாதிரி ஆகிவிட்டது. அன்று ஆமென் சொல்லும்போது சிரிப்பை அடக்காதவர்கள் குறைவு. அவளும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டதைப் பார்த்தேன்.

கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்காரம்மா கொங்குப் பக்கத்துப் பெரியவர். எங்கள் சாமியைக் கும்பிடுகிறவர் இல்லை என்றாலும் எங்கள் பாட்டைக் கேட்கிறவர். ஒரு ஞாயிறு பிற்பகல் மாடிப்படியில் அவளை நிறுத்தினார்.

"ஏங் கண்ணு, முன்னயெல்லாம் உங்க ஊட்டுப் பாட்டுக் கேக்கறதுக்குன்னே டிவிய நிறுத்திப்போடுவனுங்க. இப்ப என்னமோ ஆரையோ கட்டி வெச்சு அடிக்கறாப்பல கேக்குது. எதாச்சும் வேண்டுதலுங்களா?"

அவள் மேலே வந்து கூட்டத்துக்குப் பாய் விரித்தாள்.

திரித்துவத் திருநாளுக்குப் பின்வரும் ஞாயிறுகளுக்கு எங்கள் நாட்காட்டியில் பெயர் கிடையாது; எண் மட்டும்தான். அன்றைக்கு அப்படி ஒரு ஞாயிறு. அண்ணாச்சி பிளாஸ்கை மூடி வைத்துவிட்டுத் தொடங்கினார். அது தம்பிக்குப் பிடித்த பாட்டு என்பது அவருக்கு நினைவில்லை. இரண்டாம் வரியிலேயே குரல் கிறீச்சிட்டது. நாங்கள் வழக்கம்போல் கழுத்தை நீட்டினோம்.

"அண்ணாச்சி, நிறுத்துங்க" என்றாள் அவள்.

அண்ணாச்சி பாதி வரியில் நிறுத்தினார்.

"இத இப்படிப் பாடுனா அவன் எந்திரிச்சு வந்து சண்ட போடுவான்."

அவ்வளவுதான். கண்ணை மூடி, தன் உயரத்தில் முதல் வரியை எடுத்தாள். நாங்கள் சேர்ந்துகொண்டோம். இரண்டு சரணம் போனது. மூன்றாவதில், எல்லாவற்றையும் உம் கையில் விட்டேன் என்கிற பொருள் வரும் இடத்தில், அவள் குரல் உடைந்து நின்றுவிட்டது. பாட்டும் நின்றுவிடும் என்று நான் நினைத்தேன். நிற்கவில்லை. மாதக்கணக்கில் கத்திப் பழகிய அண்ணாச்சி அந்தச் சுருதியை அப்படியே பிடித்துக்கொண்டு போனார். எடுக்கத்தான் அவருக்குத் தெரியாதே தவிர, எடுத்துக் கொடுத்ததை விடமாட்டார் என்று அன்றுதான் தெரிந்தது. கடைசிச் சரணத்துக்கு அவள் திரும்பி வந்து சேர்ந்தாள். தாளம் தட்ட ஆள் இல்லை. தாளம் இல்லாமலே முடித்தோம்.

"நீ இன்னைக்கும் நிறுத்தலன்னா என் தொண்டைக்கு ஆபரேசன்தான் தாயி" என்றார் அண்ணாச்சி. அவளோடு சேர்ந்து எல்லாரும் சிரித்தோம்.

அன்றைக்குத் தம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தபோது அவளாகவே பேசினாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் நினைத்துவிடக் கூடாதாம். தம்பி விஷயத்தில் ஆண்டவரிடம் கேட்க வேண்டியது நிறைய இருக்கிறதாம்.

"கேக்கதுக்கு நான் அவர் பக்கத்துலதான இருக்கணும்" என்றாள். "எந்திரிச்சுப் போயிட்டா யார்கிட்ட கேப்பேன்?"

அடுத்த ஞாயிறு அண்ணாச்சி பிளாஸ்க் இல்லாமல் வந்து, புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, நல்ல பிள்ளையாக அவள் முகத்தைப் பார்த்தார். அவள் அவரைச் சிறிது நேரம் வேண்டுமென்றே காக்க வைத்தாள். பிறகு எடுத்தாள். இரண்டாம் வரி வருவதற்குள் கீழ்வீட்டில் டிவி நின்றது.