இடைவேளைக்கு முன்னால் சாகிறவள்

கத்திப் பிழைக்கிற தொழில் என்னுடையது. அலுவலகத்தில் நீங்கள் மனசுக்குள் கத்துகிறீர்களே, அதையே நான் செகந்திராபாத் பக்கம் பேகம்பேட்டில் ஒரு மைக் முன்னால் வாய்விட்டுக் கத்தினால் சம்பளம் தருகிறார்கள். தெலுங்கில் சிக்கனமாக எடுத்த கொலைப் படங்களுக்குத் தமிழ்க் குரல். பண்ணை வீடு, முகமூடிக்காரன், சுற்றுலா வந்த பெண்கள் என்று கதை உங்களுக்கே தெரியும். வரிசையாகச் சாகிற பெண்கள் எல்லாம் நான்தான். கடைசிவரை உயிரோடிருக்கிற கதாநாயகிக்கு மட்டும் வேறொருத்தி வருவாள்.

பொட்டும் ஏசப்பாவும்

நாலு பெண்களுக்கு ஒரே தொண்டை என்றால் அலறலாவது வேறுவேறாக இருக்க வேண்டாமா? முதல் பெண்ணுக்கு 'ஐயோ', அடுத்தவளுக்கு 'அம்மா' என்று பிரித்து வைத்திருந்தேன். மூன்றாமவளைக் கட்டிலுக்கு அடியிலிருந்து அவன் காலைப் பிடித்து இழுத்தபோது எனக்கே தூக்கிவாரிப் போட்டது. செகந்திராபாத் சர்ச்சில் பாடிப் பாடி வளர்ந்த வாய், 'ஏசப்பா' என்று கத்திவிட்டது. ஒலிப்பதிவு செய்கிற ரவி கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து பொறுமையாகச் சொன்னார்: "அக்கா, அந்தப் பொண்ணு நெத்தியில எவ்ளோ பெரிய பொட்டு இருக்கு, பாருங்க."

செத்தவள் விட்ட கொட்டாவி

நீங்கள் இந்தப் படங்களைத் திட்டிக்கொண்டே பார்ப்பீர்கள். எனக்கோ பிடித்தே போய்விட்டது. கத்தி குத்துகிற இடத்தில் வளையும். ரத்தம் குத்துவதற்கு முன்பே வந்துவிடும். ஒரு படத்தில் கழுத்தறுபட்டுக் கிடந்தவள் வாயை நன்றாகத் திறந்து கொட்டாவி விட்டாள், பாவம். திரும்ப எடுக்கவா முடியும்? தமிழ் வசனம் எழுதுகிற சேகர் சாரிடம் என்ன செய்ய என்று கேட்டோம். மனுஷன் அசரவே இல்லை: "அப்ப அவ இன்னும் சாகலைன்னு வெச்சுக்கலாம், ஒரு முனகல் போட்டுவிடுங்க."

வீட்டு ரசிகர்

என் வீட்டுக்காரர் ரயில்வேயில் வேலை பார்க்கிறார். மௌலா அலியில் வீடு. டிவியில் என் படம் எது வந்தாலும் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார், நான் செத்ததும் எழுந்து போய்விடுவார். ஒரு படத்தையாவது முடிகிறவரை பார்க்க மாட்டாரா என்று எனக்குத் தீராத ஆற்றாமை.

போன வருஷம் கதாநாயகிக்குப் பேசுகிறவளுக்குத் தொண்டை கட்டிக்கொள்ள, அந்தக் குரல் எனக்கு வந்தது. சிக்கனமோ சிக்கனம், சாகிற பெண்களும் வழக்கம்போல நானே. அவரை அசத்தலாம் என்று மூச்சு விடவில்லை. படம் ஓடியது. முதல் பெண் செத்தாள், இவர் எழுந்து சமையலறைக்குப் போனவர் திரும்பவே இல்லை. நான் ஒண்டியாக உட்கார்ந்து, முகமூடிக்காரனைக் கிணற்றில் தள்ளிப் பிழைத்து வந்ததைப் பார்த்து முடித்தேன்.

ஆத்திரம் தாங்கவில்லை. உள்ளே போய், கடைசிவரை உயிரோடிருந்ததும் நான்தான், கொஞ்சம் உட்கார்ந்திருந்தால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டேன். வெங்காயம் அரிந்துகொண்டிருந்தவர் நிமிரவில்லை: "நீ சாகிற சத்தத்தக் கேட்டதுக்கு அப்புறம் நான் என்னத்தப் பாக்க?"

அன்றைக்குத் தன் கண் கலங்கியது வெங்காயத்தால்தான் என்று அவர் இன்றுவரை சாதிக்கிறார், நானும் தொழில்காரியாயிற்றே, நம்பினமாதிரி நடித்துக்கொண்டிருக்கிறேன்.