கணக்கு பிரதர்

அன்று ரவுண்ட் ராக் என்ற எங்கள் அமெரிக்க ஊரின் சர்ச் ஹாலில் மூன்று அம்மாக்கள், ஏழு பிள்ளைகள், கணக்கு எடுக்கும் பிரதர், நான். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் பெற்றோரே முறைவைத்து நடத்தும் ஹோம்ஸ்கூல் எங்களுடையது. ஒன்பதாவதோடு நின்ற எனக்கு ஸ்நாக்ஸ் வேலை.

பிரதர் ஒல்லியான மனிதர், இஸ்திரி கலையாத சட்டை. ஜெபம் முடிந்ததும் போர்டை ஓரம்வரை துடைத்த பிறகுதான் எழுதுவார். அன்று வகுப்பு முடிந்தும் துடைத்துக்கொண்டே நின்றார்.

"கம்பெனி வேலை போயிடுச்சு சிஸ்டர். விசாவும் முடியுது, ஊருக்குக் கிளம்பறோம். கர்த்தர் வழி காட்டுவார்னு மட்டும் சொல்லிடாதீங்க, காலையிலேருந்து மூணு பேர் சொல்லிட்டாங்க."

அதைத்தான் சொல்ல வாயெடுத்தேன். "அப்ப என் பையனுக்குக் கணக்கு யாரு பிரதர்?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "அதைத்தான் நானும் யோசிச்சிட்டிருக்கேன்" என்றார்.

தன் வீடே கலைகிற நேரத்தில் என் பையனின் கணக்கை எப்படி நினைத்தார் என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை. கணக்கு நேரத்தில் இப்போது பிள்ளைகள் படம் வரைகிறார்கள்.