இன்சுலின் செடியில் இலை திருடியது யார்

அந்தச் செடியை வாங்கி வந்தவர் என் வீட்டுக்காரர். மதகடிப்பட்டு நர்சரியில் பார்த்தாராம். இன்சுலின் செடி, தென்னமெரிக்காவிலிருந்து வந்தது, தினம் ஒரு இலை மென்றால் சர்க்கரை இறங்கிவிடும் என்று நர்சரிக்காரர் சொல்லியிருக்கிறார். மிளகாய், தக்காளி, கொய்யா, பப்பாளி எல்லாமே அந்தப் பக்கத்துச் சரக்குதான் என்று நானும் படித்திருக்கிறேன். ஆனால் அவையெல்லாம் சோற்றுக்குத் துணையாக வந்தன. இது வைத்தியம் பார்க்கிறேன் என்று வந்தது. வந்த அன்றைக்கே எனக்கு அதன்மேல் நம்பிக்கையில்லை.

"இலையெல்லாம் வாணாம். மாத்திரையே போதும்" என்றேன்.

"சரிடி. அழகுக்கு இருந்துட்டுப் போவட்டும்" என்றார்.

இவ்வளவு சுலபமாக அவர் எதற்கும் சரி என்று சொன்னதில்லை.

அவர் லோடு வண்டி ஓட்டுகிறவர், சர்க்கரைக்காரர். செருப்பு கடித்து வலது கால் பெருவிரலில் ஒரு புண், ஆறவேயில்லை. அவருடைய அண்ணனுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. சர்க்கரையில் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

கொஞ்ச நாளில், பின்பக்கம் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் தொட்டியில் இருந்த செடி மெலிய ஆரம்பித்தது. யாரோ இலையைக் கிள்ளுகிறார்கள். எலிக்குச் சர்க்கரை வியாதி வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணின் மாமியாருக்கு உண்டு. போதாதா?

ஆனால் கேட்க முடியாது. கேட்டு வாங்கி வைத்தால் செடி தழைக்காது, திருடி வைத்தால்தான் பிடிக்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. கறிவேப்பிலை முதல் மணி பிளான்ட் வரை எல்லாமே எவர் வீட்டிலிருந்தோ ஒடித்து வந்ததுதான். பார்த்தும் பார்க்காததுபோல் இருந்துவிடுவது மரியாதை. நான் எலுமிச்சை முள்ளை வெட்டித் தொட்டியைச் சுற்றிச் செருகி வைத்தேன். முள் இருந்த இடத்தில் இருந்தது, இலைதான் இல்லை.

பொறுக்க முடியாமல் ஒருநாள் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கேட்டேவிட்டேன். அவள் கோபப்படவில்லை. தன் வீட்டுப் பின்பக்கம் கூட்டிப்போய்க் காட்டினாள். அதே செடி இடுப்பு உயரத்துக்குப் புதராக நின்றது.

"ஒரு குச்சி ஒடிச்சன்க்கா, இல்லன்னு சொல்லல. இங்கயே இம்மாங் கெடக்குது, உங்க இலை எனக்கு இன்னாத்துக்கு? உங்க வூட்டு அண்ணன்தான் காலைல கை கழுவ வரும்போது கிள்ளி வாயில போட்டுக்குறாரு. தெனம் பாக்கறனே" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் மாத்திரை அட்டையை எடுத்துப் பார்த்தேன். ஒன்றுகூட மிச்சமில்லாமல் ஒழுங்காகக் காலியாகியிருந்தது. அந்த ஒழுங்குதான் இடித்தது. இட்லி தின்றதும் என் கண்ணெதிரே மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு, அப்படியே கை கழுவப் பின்பக்கம் போவார். தொட்டி மண்ணை விரலால் கிளறினேன். ஊறிப்போன வெள்ளை மாத்திரைகள் வந்தன.

சாயங்காலம் அவர் முன்னால் அந்த மாத்திரைகளை வைத்தேன்.

"ரெண்டயும் சேத்துப் போட்டா எது கேக்குதுன்னு எப்டித் தெரியும்?" என்றார். பிறகு, "அண்ணன் மாத்திரை போட்டுக்கினுதானே இருந்தாரு? காலு போச்சே" என்றார்.

எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவருடைய அண்ணிக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, நடந்ததைச் சொன்னேன். அவரைத் திட்டப்போகிறாள் என்று நினைத்தேன்.

"எங்க வூட்லயும் அட்ட காலியாதான் கெடக்கும். அவரும் வாயில போட்டுக்கினு தோட்டத்துப் பக்கம்தான் போவாரு. நான் எங்க பின்னாடி போயி பாத்தன்?" என்றாள்.

போனை வைத்த பிறகு அவர் தன் கால் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் கையை நீட்டினார். புது அட்டையிலிருந்து ஒன்றைப் பிதுக்கி வைத்தேன். தண்ணீர் குடித்து விழுங்கிவிட்டு, நான் கேட்காமலே வாயைத் திறந்து காட்டினார்.