நான் அழிக்கப் பார்த்த டி டிரைவ்

கடந்த மழைக்காலத்தில் ஒரு காலை, திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் எங்கள் வீட்டுக் குசினி மேசையில்தான் அந்தக் கூத்து தொடங்கியது. அன்று பின்னேரம் என் மனைவிக்குக் கணக்கியல் பரீட்சை. ஒன்லைனில் நடப்பது, லப்டொப் இல்லாமல் எழுத விடமாட்டார்கள். வருஷம் முழுக்கக் கண்முழித்துப் படித்தவள்.

நான் ஓட்டோ ஓடுகிறவன். பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் சின்ன வயதிலேயே ஒத்துவரவில்லை. இயந்திரம் எதுவானாலும் எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான்: நிற்பாட்டிவிட்டுத் திரும்ப ஸ்டார்ட் பண்ணுவது. லப்டொப் திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. 'அணைக்க வேண்டாம்' என்று இங்கிலீஷில் எழுதியிருந்ததாம். எனக்கு எங்கே விளங்கும்? இறுகிவிட்டதாக்கும் என்று பற்றரியையே கழற்றி மாட்டினேன். அத்தோடு திரை கறுப்பு.

"என்ன செய்தனீங்கள்?"

"ஒண்டும் செய்யேல்லை. அது தானாச் செத்தது."

"நீங்கள் தொட்டாப் பிறகு எது உயிரோட இருந்தது?" என்றாள். கண் கலங்கியிருந்தது.

திருத்துகிற கடையில் ஒரே சனம். "விண்டோஸ் திரும்பப் போடுற டிஸ்க் இருந்தாத் தாங்கோ, இல்லாட்டி நாளைக்குப் பார்ப்பம்" என்றார்கள். மச்சான் தந்த பழைய லப்டொப். அதோடு டிஸ்க் ஒன்றும் வரவில்லை.

திரும்பும் வழியில் ஒரு அக்கா ஓட்டோவை மறித்தார். கிண்ணியா பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமாம். சீற்றில் கிடந்த லப்டொப்பைப் பார்த்து விசாரித்தார். முழுக்கதையும் சொன்னேன்.

"தம்பி, அதுல சிவப்பாக் காட்டுற சின்ன டிரைவ் ஒண்டு இரிக்குமே. அத அழிச்சிட்டீங்களா?"

எனக்கு வியர்த்துவிட்டது. எப்போதும் நிரம்பிப்போய், ஒன்றுக்கும் உதவாமல் கிடக்கும் அந்த டி டிரைவைத் துடைத்துவிட்டு, நான் பாடும் வீடியோக்களைப் போட எத்தனை தரம் பார்த்தேன்!

"அழிக்கத்தான் பார்த்தனான் அக்கா. எனக்கு ஏலாமப் போச்சு."

"அல்லாஹ் காப்பாத்தினான். உங்களுக்கு ஏலாதது நல்லதாப் போச்சு."

விற்கும்போதே கம்பனிக்காரர், டிஸ்க்குக்குப் பதிலாக, முழு விண்டோசையும் அந்த மூலையில் ஒளித்து வைப்பார்களாம். தன் மகளின் லப்டொப்பை அப்படித்தான் எழுப்பினாராம். பஸ் நிற்கும் இடத்துக்கு முன்னால் ஒரு தேத்தண்ணிக் கடை பிளக்கில் மாட்டி, "ஓன் பண்ணின உடன இந்த எஃப் பதினொண்டத் தட்டுங்க" என்றார். மரியாதையாக ஒரு தட்டுத் தட்டினேன். கறுப்பு.

"அயல்வீட்டுக் கதவா தட்டுறீங்க? விடாமத் தட்டுங்க!"

மரங்கொத்தி மாதிரிக் கொத்தினேன். நீலத்திரை வந்தது!

"உள்ள இரிக்கிறதெல்லாம் அழிஞ்சிடும். வீட்டுல கேளுங்க."

போன் எடுத்தேன். "என்ர நோட்ஸ் எல்லாம் பென்டிரைவில இருக்கு" என்றாள் மனைவி. "போறது உங்கட பாட்டுத்தானே? கெதியா அழிக்கச் சொல்லுங்கோ!"

வேலை முடிய நேரமெடுத்தது. கிண்ணியா பஸ் எங்கள் முன்னாலேயே போனது. அக்கா அசையவில்லை. "நான் போனா நீங்க திரும்பக் கழட்டுவீங்க" என்று பிளக்குக்குக் காவல் இருந்தார். பழைய திரை மலர்ந்த பிறகுதான் அடுத்த பஸ்ஸில் ஏறினார். பெயரைக் கேட்கக்கூட இந்த மண்டைக்குத் தோன்றவில்லை.

மனைவி பரீட்சை எழுதினாள், பாஸானாள். இப்போது நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் கணக்குப் பார்க்கிறாள். டி டிரைவ் இன்றும் சிவப்பாகத்தான் கிடக்கிறது. "இடத்தை அடைச்சுக்கொண்டு கிடந்தாலும் ஒருநாள் உதவும் எண்டுதான் உங்களையும் வச்சிருக்கிறன்" என்கிறாள். ஆனாலும், எனக்கு விளங்காத எதையாவது 'குப்பை' என்று சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம், எனக்காகத் தன் பஸ்ஸை விட்டுவிட்டுக் காவலிருந்த அந்த அக்காவின் முகம் முன்னால் வந்து நிற்கிறது. வாயும் தானாக மூடிக்கொள்கிறது.