ரேடியேட்டரை மூடிய பெயர்ப்பலகை

நீல எனாமல் பூசிய தகரப் பலகை அது. வெள்ளை எழுத்தில் ஒரு தாயாரின் பெயர், அதன் கீழ் ‘அன்னாரின் நினைவாக’, அதற்கும் கீழே மகன் தந்த அன்பளிப்பு என்ற செய்தி. பள்ளி வேனின் முகத்தில் ஒரு விளக்கிலிருந்து மறு விளக்கு வரைக்கும் அதைப் போல்ட் போட்டு முறுக்கியிருந்தார்கள். ரேடியேட்டருக்குக் காற்று போக இருந்த ஒரே வழி அந்த இடம்தான். எண்பதுகளின் கடைசியில் நான் மண்ணூர்பேட்டைப் பக்கம் பங்குக் கோயிலை ஒட்டிய சிறிய பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர். அந்தப் பலகையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனது பொறுக்கவில்லை.

வேன் புதியதல்ல. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பட்டறை நடத்திய ஒரு முதலாளி, பல வருடம் ஆட்களை ஏற்றி இறக்கி அலுத்த பிறகு பள்ளிக்குக் கொடுத்தது. பலகையில் இருந்தது அவருடைய அம்மாவின் பெயர். இஞ்சின், டிரைவர் இருக்கைக்குப் பக்கத்திலேயே ஒரு மூடிக்குக் கீழே கொதித்துக்கொண்டிருக்கும். பிள்ளைகளைக் கூட்டிவந்து கொண்டுபோய் விடும் பொறுப்பு என்னுடையது என்பதால், அந்த மூடியை ஒட்டித்தான் என் இடம். வண்டி ஓட்டியவரை டிரைவர் அண்ணன் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். பாடியில் லாரி ஓட்டியவர், சண்டைக்காரர். குறுக்கே வரும் பஸ்காரனைத் திட்டத் தொடங்கினால் பின்னால் பிள்ளைகள் இருப்பதே மறந்துவிடும். நான் தொண்டையைக் கனைத்தால் அதே வேகத்தில் நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வார். அவருடைய மகள் என் வகுப்பில்தான் படித்தாள். டிரைவர் பிள்ளை என்பதால் அவளுக்குப் பள்ளிக் கட்டணம் கிடையாது. அவர் வேலை போனால் அவள் படிப்பும் அந்தப் பள்ளியில் நிற்காது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

பலகை மாட்டிய வாரமே வண்டி சூடாக ஆரம்பித்தது. அம்பத்தூர் தாண்டி ஆவடி குவார்ட்டர்ஸ் பக்கம் திரும்புவதற்குள் சூட்டைக் காட்டும் முள் சிவப்பைத் தொட்டுவிடும். அண்ணன் வண்டியை ஓரங்கட்டி, இஞ்சின் ஆறும்வரை காத்திருந்து, ஈரச் சாக்கை வைத்து ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றுவார். பாடியில் பட்டறை வைத்திருந்த மெக்கானிக் வந்து பார்த்தவுடனே, முன்னால் இருக்கும் பலகையைக் கழற்றுங்கள் என்று சொல்லிவிட்டார். அத்தோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம். ஆனால் எங்கள் பள்ளியில் வைத்தியம் அப்புறம்தான் ஆரம்பமானது.

போர்வெல் தண்ணீரில் உப்பு என்று ரேடியேட்டரைக் கழற்றிக் குச்சி விட்டுச் சுத்தம் செய்தார்கள். ஃபேன் பெல்ட் மாறியது, ஹோஸ் மாறியது. நம்ம ஊர் வெயிலுக்கு இதெல்லாம் எதற்கு என்று, இஞ்சின் சூடாகும்வரை தண்ணீரைத் தடுத்து வைக்கும் தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி எறிந்தார்கள். வாட்டர் பம்ப்பும் புதிதாக வந்தது. காய்ச்சல்காரனின் வாயைத் துணியால் கட்டிவிட்டு மருந்து ஊற்றப் பார்ப்பது போல, பலகையை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் மாற்றினார்கள். பொறுக்காமல் தாளாளராக இருந்த ஃபாதரிடம் போய் நேராகவே கேட்டேன். அவர் கோபப்படவில்லை. மெதுவாகத்தான் சொன்னார்.

“தெரியும் டீச்சர். எல்லாருக்கும்தான் தெரியும். உங்க அம்மா பேரைக் கழட்டிட்டோம்னு அவர்கிட்ட யார் போய்ச் சொல்றது?”

ஒரு திங்கட்கிழமை காலையில் அண்ணன் யாரையும் கேட்காமல் ஸ்பேனரை எடுத்துப் பலகையைக் கழற்றினார். தரையில் போடவில்லை. ஒரு வேட்டியில் சுற்றிப் பின் இருக்கைக்குக் கீழே பத்திரமாக வைத்தார். அந்த வாரம் முழுக்க முள் நடுவிலேயே நின்றது. ஆவடி வரைக்கும் பாட்டுப் பாடிக்கொண்டே ஓட்டினார். பிள்ளைகளும் கூடவே கத்தினார்கள். அப்புறம் அந்தத் தாயாரின் நினைவுத் திருப்பலி வந்தது. முதலாளி கோயிலுக்கு வரப்போகிறார் என்று ஃபாதர் பதறிப்போய், பலகையை மறுபடி மாட்டச் சொன்னார். திருப்பலி முடிந்த பிறகாவது கழற்றிவிடலாம் என்று அண்ணன் கெஞ்சிப் பார்த்தார். கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்.

பங்குனி வெயிலில் ஒரு மத்தியானம், ஆவடிக்கு முன்னால் வண்டி ஆவி கக்கி நின்றது. மூடிக்குக் கீழிருந்து வந்த சூட்டில் என் கால் கொப்பளித்தது. பிள்ளைகளை இறக்கி ஒரு புளியமர நிழலில் உட்காரவைத்தேன். ஹெட் கேஸ்கெட் போய்விட்டது, இனி இஞ்சினையே பிரிக்க வேண்டும் என்று அண்ணன் பார்த்த பார்வையிலேயே சொல்லிவிட்டார். அடுத்த ஞாயிறு, கோயில் நிர்வாகத்தைப் பார்க்கும் பங்குப் பேரவை கூடியது. முதல் நாளே உண்மையைச் சொன்ன அதே மெக்கானிக், கோயில் வேலை கைவிட்டுப் போகக் கூடாதே என்று, தண்ணீர் பார்க்காமல் ஓட்டினால் இஞ்சின் இப்படித்தான் ஆகும் என்று பேரவையில் சொன்னார். பலகையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான் எழுந்து பேசினேன். இது பேரவை விஷயம் என்று உட்காரச் சொன்னார்கள். டிரைவரின் அஜாக்கிரதை என்று முடிவாகி, அண்ணனை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஜூனில் அவர் மகள் என் வகுப்பிலிருந்து மேலே போகவில்லை; முனிசிபல் பள்ளிக்குப் போய்விட்டாள்.

அந்த வருட ஆண்டு விழாவுக்கு முதலாளி வந்திருந்தார். எனக்குப் பயம் விட்டுப்போயிருந்தது. காபி டம்ளரோடு அவர் தனியாக நின்ற நேரம் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன். திட்டு விழும் என்றுதான் நினைத்தேன். மனிதர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார்.

“பலகையே நான் கேக்கலையேம்மா. ஃபாதரா பண்ணி மாட்டினது. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மேல மாட்டச் சொல்லியிருப்பேனே.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் மன்னிக்க முடியவில்லை. யாரும் கேட்காத மரியாதைக்காக ஒரு மனிதனின் பிழைப்பைக் கெடுத்திருக்கிறார்கள். இவருக்கு அது ஒரு வேடிக்கை. மறுநாளே பலகை கண்ணாடிக்கு மேலே ஏறியது. இஞ்சினைச் சரிசெய்த வண்டியைப் புது டிரைவர் ஓட்டினார், சூடாகவில்லை. அண்ணனைத் திரும்பக் கூப்பிடுங்கள் என்று ஃபாதரிடம் மறுபடி போனேன். பேரவை எடுத்த முடிவை மாற்றினால் பேரவைக்கு மரியாதை இருக்காது என்றார்.

மரியாதை. இந்த வார்த்தையை அவர்கள் வாயில் கேட்டால் இன்னும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நான் ஓய்வு பெற்றாகிவிட்டது. இப்போது என் தெரு வழியே பெரிய பெரிய மஞ்சள் பஸ்கள் போகின்றன. எது பழுதானாலும் கம்பெனி ஆள் வந்து பார்த்துவிட்டுப் போகிறார். என் கோபம் மட்டும் ஆறவில்லை.

ஃபாதர் அப்படிச் சொன்ன அன்று சாயங்காலமே பாடியில் அண்ணன் வீட்டுக்குப் போனேன். பலகையை முதலாளி கேட்கவேயில்லையாம், உங்கள் மேல் தப்பில்லை என்று தெரிந்துவிட்டது, பலகையையும் மேலே மாற்றிவிட்டார்கள் என்று சொன்னால் அவர் மனம் ஆறும் என்று நினைத்தேன். மகள் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். அவர் எல்லாவற்றையும் கேட்டார். குரலை உயர்த்தவேயில்லை.

“பலக மேல பூட்ச்சு, வண்டி சூடாவல, என் மேல தப்பில்லன்னு எல்லாருக்கும் தெர்ஞ்சிகீது. அப்போ நா எதுக்கு டீச்சர் ஊட்ல குந்திகினு கீறேன்?”