கரையை வெட்டிய வீட்டு நண்டு

எனக்கும் என் ஓரகத்திக்கும் நடுவில் ஒரே ஒரு குட்டைச்சுவர்தான். அந்தப் பக்கம் நண்டு கொதித்தால் இந்தப் பக்கம் என் வயிறு எரியும்.

எண்பதுகளில், மெட்ராசிலிருந்து போனால் கோவளத்துக்குக் கொஞ்சம் முன்னால், உப்பங்கழி ஓரமாக இருந்தோம். கடல்தண்ணீர் ஏறி வராமல் இருக்க மாமனார் மண்கரை போட்டு, உள்ளே நெல் விதைத்தவர். அவர் போனபின் அண்ணன் தம்பி இருவருக்கும் ஆளுக்குப் பாதி வந்தது. அதற்குள் மண்ணெல்லாம் உப்புப் பூத்து, நெல்லும் இல்லை, புல்லும் இல்லை. கொழுந்தனார் ஒருநாள் மண்வெட்டியோடு போய்த் தன் பங்குக் கரையை வெட்டிவிட்டார்.

“அப்பா கட்டுன கரைய வெட்டினுகீறான், பைத்தியம் புடிச்சிருக்கு,” என்று என் வீட்டுக்காரர் இரண்டு பங்குக்கும் நடுவில் இருந்த வரப்பை இன்னும் உயர்த்தினார். எனக்கும் சிரிப்புதான்.

அந்தச் சிரிப்பு ரொம்ப நாள் நிற்கவில்லை. கடல் ஓதம் உள்ளே ஏறி இறங்க, அவர்கள் பக்கம் உப்பில் வளரும் உமரிச்செடி பச்சையாகப் படர்ந்தது. இறால் வந்தது, மடவை மீன் வந்தது, உள்ளங்கை அகலத்துக்கு நண்டு வந்தது. கொக்குகூட எங்கள் பக்கம் கால் வைக்காது. ஓரகத்தி சுவருக்கு மேலாகத் தூக்குச்சட்டியை நீட்டுவாள்.

“நண்டு கொழம்பு, அக்கா. தூக்க மெதுவா திருப்பிக் குடுங்க.”

மெதுவாகவாம்! பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரக் கூடாது. போட்டுக் கொடுக்க என்னிடம் என்ன இருந்தது, உப்பு மண்ணா? காரம் போதவில்லை என்று முணுமுணுத்துக்கொண்டே வழித்துச் சாப்பிடுவேன். அவள் தூக்குகள் என் அடுப்படியில் சேர்ந்துகொண்டே போயின.

ஐப்பசி மழையில் எங்கள் கரை தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டது. மாட்டுக்கொட்டகையில் முழங்கால் அளவு. அவர்கள் பக்கத்துத் தண்ணீரோ ஓதம் வடியும்போது கூடவே வடிந்துவிட்டது. அவள் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். கோலம்! எனக்கு வந்த ஆத்திரத்தில் மண்வெட்டியைத் தூக்கிவிட்டேன்.

“நீங்க வெட்றீங்களா, நா வெட்டட்டா?”

வீட்டுக்காரர் மண்வெட்டியை வாங்கிக்கொண்டு கரைக்குப் போனார்.

அடுத்த வருஷம் எங்கள் பக்கமும் நண்டு ஏறியது. அவள் தூக்குகளை எல்லாம் குழம்பால் நிறைத்தேன். போதாதென்று என் தூக்கு ஒன்றையும் நிறைத்துச் சுவர்மேல் வைத்தேன். அவள் மூடியைத் திறந்து பார்த்தாள்.

“உங்க பக்கத்துதாக்கா? இம்மாம் பெருசா கீது...”

சில நாள் கழித்து என் தூக்கு சுவர்மேல் வந்து உட்கார்ந்தது, பளபளவென்று தேய்த்து. கையை விட்டுத் துழாவினேன். ஒரு வெல்லக்கட்டிகூட இல்லை.

அப்பாடா! எரிச்சல் சுவர் தாண்டிவிட்டது. என் வயிறு குளிர்ந்தது.