இரண்டாம் முறை ஏறிய ரயில்

என் முழங்கால் முறிவுக்குக் கல்கத்தாவின் பாலிகஞ்ச் பகுதியில் உடற்பயிற்சிச் சிகிச்சை அளித்தவர் அந்நகரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். மெலிந்தவர், எளிதில் சிரிக்காதவர். கால் எவ்வளவு மடங்குகிறது என்று கோணமானியால் அளந்தபின், அதை எடுத்துவிட்டு மறுபடி அளப்பார். தன் அளவைச் சொல்லாமல் சக ஊழியரையும் அளக்கச் சொல்வார். எல்லாம் ஒத்துவந்தால்தான் நம்புவார்.

புறநகர் ரயிலில் ஏறி, நான் பாடம் நடத்தும் பள்ளிக்குத் திரும்ப வேண்டும். என் தவிப்பெல்லாம் அதற்குத்தான். ஒருநாள் அளவுகள் ஒத்துவந்தன, காலும் நன்றாக மடங்கியது.

"இனி வேலைக்குப் போலாமா?"

"கால் மடங்கறது மாமி. ரயில் ஏறுமான்னு இந்தக் கருவிக்கு என்ன தெரியும்? வாங்கோ, ஸ்டேஷனுக்கே போவோம்."

நிலையத்தில் என் கையில் ஒரு சீட்டைக் கொடுத்தார். நடைமேடைச் சீட்டு என்றெண்ணிப் பைக்குள் போட்டேன். நடைமேடை தாழ்வு, பெட்டியின் படி உயரம். கம்பியைப் பற்றி ஏறிவிட்டேன்.

"ஏறிட்டேன், பாத்தேளா!"

"பாத்தேன். இறங்குங்கோ."

"ஐயோ, எதுக்கு?"

"ஒரு தடவைன்னா அதிர்ஷ்டமா இருக்கலாம்."

முணுமுணுத்தபடி இறங்கினேன். அந்த வண்டி போயிற்று. அடுத்ததில் முன்னிலும் இலகுவாக ஏறினேன். இம்முறை அவர் இறங்கச் சொல்லவில்லை; வண்டி நகர, வாய்விட்டுச் சிரித்துக் கையசைத்தார். பதறிப்போய்ச் சீட்டை எடுத்துப் பார்த்தேன். என் பள்ளி இருக்கும் ஊர்வரைக்குமான பயணச்சீட்டு!

மறுபடி அளக்காமல் எதையும் நம்பாதவர், நான் ஒருமுறைகூட ஏறிக் காட்டுமுன் அதை எப்படி வாங்கினார் என்று இன்றும் வியக்கிறேன்.